கியர் யார் கையில்?

"நல்லா இருக்கற பல்லைப் பிடுங்கச் சொன்னா நீங்க பிடுங்குவீங்களா டாக்டர்?"

மெக்கானிக் இப்படிக் கேட்டதும் பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பட்டறை நடுவில் ஜம்மென்று நின்றது. இரண்டே சீட். ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு பட்டை. விரலால் தட்டினால் கியர் தானாக மாறும். கிளட்ச் மிதிக்கிற வேலையே கிடையாது. அதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, காலுக்கு ஒரு கிளட்சும் கைக்கு ஒரு கியர் லீவரும் வைத்துக் கொடு என்கிறார் மனிதர்.

"பிடுங்க மாட்டேன்தான். ஆனா இதை நான் கேக்கலப்பா, வீட்ல கேக்கறாங்க."

"அம்மாவா?"

"ஆமா. பழைய வண்டி இருந்தப்போ ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு பேரும் மலைப்பாதையில ஒரு சுத்து போய்ட்டு வருவோம். இது வந்து ஆறு மாசமாச்சு, ஒரே ஒரு தடவை ஏறினதோட சரி, அப்புறம் அவ ஏறவே மாட்டேங்கறா. 'அதுல எனக்கு என்ன வேலை, மூட்டை மாதிரி உக்காந்து வரணுமா'ங்கறா. தனியா போறேன், தனியா வர்றேன். நல்லாவே இல்லப்பா."

சொல்லும்போதே டாக்டரின் முகம் தொங்கிப்போனது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கம்பெனிக்காரன் இழைத்து இழைத்துச் செய்ததில் கை வைத்தால், 'நல்ல வண்டியைக் கெடுத்தவன்' என்று தொழிலில் நாலு பேர் பேசுவார்கள். டாக்டர் முகத்தைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

"அம்மாவுக்குப் போனைப் போடுங்க. நானே பேசிப் பாக்கறேன்."

போட்டுக் கொடுத்தார்.

"ஏம்மா, விரலால தட்டினா மாறுது. சொகுசுதானே?"

"மாறுது தம்பி. ஆனா ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறதுக்குள்ள ஒரு யோசனை யோசிக்குது பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. நானா இருந்தா எப்பவோ போட்டிருப்பேன்." சற்று நிறுத்திவிட்டு, "ஆமா, அங்க பக்கத்துல ஒரு வண்டி ஓடுதே, அதுல ஒரு சிலிண்டர் அடிக்கல. கவனிக்கலையா?" என்றார்.

காலையிலிருந்து மெக்கானிக் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வண்டி அது. போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்தார். ஒரு பிளக் செத்துக் கிடந்தது.

அடேங்கப்பா, ஆள் லேசுப்பட்டவர் இல்லை. இவ்வளவு விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இந்த மனிதரே ஓட்டிக்கொண்டிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? மெக்கானிக்குக்கு மனசு மாறிவிட்டது.

"செஞ்சு தரேம்மா. லீவர் எப்படி வேணும்?"

"கொஞ்சம் உயரமா. ஓட்டறவங்க பக்கம் சாய்க்காதீங்க. பக்கத்து சீட் பக்கம் சாயட்டும்."

வாய் தவறிச் சொல்கிறார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "டாக்டர், ஸ்டியரிங்கை அம்மாகிட்ட விட்டுக் கொடுங்க. வீட்ல சண்டையே வராது" என்றார். டாக்டர் சிரித்தார்.

வேலை மூன்று வாரம் இழுத்தது. கிளட்ச் இனிமேல் உன் பொறுப்பு இல்லை என்று அந்த வண்டியின் கம்ப்யூட்டரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இவர்களுக்காகவே பட்டறையைத் திறந்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது இருவரும் ஏற்கெனவே காரில் இருந்தார்கள். சுள்ளென்று வெயில்; இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. ஸ்டியரிங் முன்னால் இருந்தது டாக்டர்.

"என்ன டாக்டர், மறுபடியும் நீங்களே உக்காந்துட்டீங்க? அம்மாவுக்குன்னு பாத்துப் பாத்து வச்ச லீவருங்க."

டாக்டர் மனைவி லீவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "தம்பி, என் பக்கம் சாய்க்கச் சொன்னேனே. இது அவர் மடியில போய் விழுது."

"ஓட்டறவங்க பக்கம்தானேம்மா சாயணும்?"

"ஓட்டறது அவர். கியர் போடறது நான். இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான்."

"கால் என்னது, கை அவளுது" என்றார் டாக்டர், கொஞ்சம் வெட்கத்தோடு.

இந்த வயசில் இப்படி ஒரு விளையாட்டா என்று மெக்கானிக்குக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு லீவரைக் கழற்றினார். சூடு காட்டி, அந்தப் பக்கம் வளைத்து, திரும்ப மாட்டினார்.

கார் கிளம்பியது. டாக்டர் மனைவி தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார். "ம்" என்றார். டாக்டர் கிளட்சை மிதித்தார். லீவர் நழுவி அடுத்த கியரில் விழுந்தது. மறுபடி ஒரு "ம்". மெக்கானிக் வாசலில் நின்று காது கொடுத்தார். தெருக்கோடி வரைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று. எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லை. அவருக்கே புல்லரித்தது. வண்டியைக் கெடுக்கவில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆறு மாதத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்துச் சிரித்தார் டாக்டர்.

"அருமைம்மா" என்றார் மெக்கானிக், ஜன்னலில் குனிந்து. "மீட்டர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பல, அவ்வளவு கச்சிதமா போடறீங்க. இவ்வளவு தெரிஞ்சவங்க முழுசா நீங்களே ஓட்டலாமே?"

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார் அந்த அம்மாள்.

"கண்ணு தெரிஞ்சா இந்த மனுஷன் கையில நான் எதுக்கு தம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்கறேன்?"