மாமியை வெளியே போடுவது

காலையிலிருந்து பஸ்லா தன் மாமியை வெளியே போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை.

"இஞ்ச பாருங்க, உங்கட உம்மா அசையிறாவே இல்ல," என்றாள் கணவனிடம்.

சப்ரி மடிக்கணினியை எட்டிப் பார்த்தான். காணி உறுதி, பாஸ்போர்ட் பிரதி எல்லாம் போட்டுவைக்க, உம்மாவின் பெயரில் அவன் இணையத்தில் திறந்த குடும்ப போல்டர் அது. அதற்குள் பஸ்லா இன்னொரு போல்டர் திறந்து, பாடசாலை அதிபர் வேலையிலிருந்து ஓய்வுபெறும் மாமி ஹமீமாவுக்கு ஓர் இரகசிய விருந்து ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். மாமியிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது.

இன்றைக்குத்தான் கவனித்தாள். பார்க்கக்கூடியவர்கள் பட்டியலில் முதல் பெயரே மாமி. நீக்கும் பொத்தானோ அமுங்கவே மாட்டேன் என்றது.

"உம்மாக்கு வட்ஸ்அப்பே ஒழுங்கா வராது. இதெல்லாம் எங்க பார்க்கப் போறா?" என்றான் சப்ரி.

"அதிருக்கட்டும். விருந்துப் பட்டியல்ல நாப்பது பேர் எப்பிடி அறுபத்திரெண்டாச்சு? நீங்கதானே உங்கட ஆக்கள சேர்த்த?"

"நான் தொடவே இல்ல. உங்கட ஆக்கள் எண்டுதான் நினைச்ச."

சண்டைக்கு நேரமில்லை. கொட்டாஞ்சேனையில் கணினி வேலை பார்க்கும் தம்பி அஷ்பாக்குக்கு போன் போட்டாள்.

"மேல் போல்டர்ல இருக்கிற ஆள் கீழ உள்ள எல்லாத்துக்கும் தானா வருவாங்க ராத்தா. சொத்து இறங்குற மாதிரி. செட்டிங்ஸ்ல போய் அந்தத் தொடர்ப வெட்டிவிடுங்க. ஆனா வெட்ட முந்தி..."

பஸ்லா வெட்டிவிட்டாள். 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

"வெட்ட முந்தி உங்கட பேரத் தனியாப் போடச் சொல்ல வந்த," என்றான் அஷ்பாக். "நீங்களும் மேல இருந்து இறங்கினவங்கதானே. இப்ப உள்ளுக்க மிச்சம் போல்டர்ட சொந்தக்காரர் மட்டும்தான்."

பஸ்லா கணவனைப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தான்.

சமையல்காரரின் நம்பர், மண்டபத்துச் சீட்டு, எல்லாம் உள்ளே. ஏதாவது சாக்குச் சொல்லி மாமியின் போனை வாங்குவதைத் தவிர வழியில்லை. அறைக்குள் போனாள். மூக்குக்கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்த ஹமீமா, போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, உங்கட போன ஒருக்கா தாறீங்களா? ஒரு போட்டோ எடுக்கணும்."

மாமி நிமிரவில்லை.

"தேவையில்ல மகள், உங்களத் திரும்ப உள்ள எடுத்துட்டேன். பார்க்க மட்டும்தான், மாத்த ஏலாது."