எங்க வம்சத்தில் சர்க்கரை இல்லை

"என்ற தம்பி ஒடம்புல அந்தக் கிருமி எப்படி வந்துச்சு? நீ..."

"மதினி, மெதுவா. ஆஸ்பத்திரி இது."

"...கொண்டாந்ததுதான்! ஏலக்காட்டுல ஒரே ஊசிய ஊருக்கே போடுவாங்களாமா. அங்கிருந்து வந்தவதானே நீ?"

லாப் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சரஸ்வதியம்மாள் சத்தத்தைக் கூட்டினாள்.

முருகேஸ்வரி இடுக்கி எஸ்டேட்டிலிருந்து எருத்தேன்பதிக்கு வாக்கப்பட்டு இருபது வருஷம். புருஷனின் அக்காளை இந்தப் பக்கம் நங்கை என்பார்கள். அவள் வாயில் இன்னும் மதினிதான். இருபது வருஷமாக அதையே குற்றமாகச் சொல்லிவந்த சரஸ்வதியம்மாளுக்கு இப்போது கிருமி வேறு கிடைத்திருக்கிறது. விடுவாளா?

"நாளைக்குப் பெரியவங்க பேசித் தீக்க வர்றாங்க. தம்பி என்ற ஊட்டுக்கு வந்துருவான். நீ உன்ற மலைக்கே போய்க்கோ."

முருகேஸ்வரியின் புருஷன் ஜெகன் பெஞ்சின் கோடியில் தன் செருப்பு வாரை ஆராய்ந்துகொண்டிருந்தான். அக்கா பேசும்போது மட்டும் அவனுக்குக் காது கேட்காது. அது எந்த மரபணுவோ.

அவன் கல்லீரலில் ஹெப்படைட்டிஸ் சி கிருமி. பல வருஷமாகச் சத்தம் காட்டாமல் குடியிருந்திருக்கிறது. இப்போது சர்க்கரையும் முந்நூறைத் தாண்டிவிட்டது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். நோயை எதிர்க்கிற சக்தி அப்பா அம்மாவிடமிருந்து வருவது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாக வரும். ரத்தத்தின் வழியே தொற்றும் இந்தக் கிருமி நாள்பட்டுத் தங்கினால் ஒருத்தருக்குச் சர்க்கரை வரலாம், கூடப்பிறந்தவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதனால் எல்லாரும் சோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.

"எங்க வம்சத்துல சர்க்கரை கெடையாதுங்க" என்று டாக்டருக்கே பாடம் எடுத்தாள் சரஸ்வதியம்மாள். "அதே அப்பன் ஆத்தாளுக்குத்தானே நானும் பொறந்தேன்? எடுத்துப் பாருங்க." பரிசு வாங்கப் போகிறவள்போலக் கையை நீட்டினாள், வளையல் குலுங்க.

அது போன வாரம். இன்றைக்கு ரிசல்ட். ஜன்னலுக்குள்ளிருந்து சிஸ்டர் இரண்டு காகிதங்களை நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டாரல. நீயே படி. எல்லாரும் கேக்கறாப்ல படி."

முருகேஸ்வரி தன்னுடையதை முதலில் படித்தாள். "எனக்கு அந்தக் கிருமி இல்ல மதினி."

"மிஷின் கெட்டுப்போயிருக்கும். என்றதப் படி."

"சர்க்கரை... தொண்ணூத்திரண்டு."

"பாத்தியா! மிஷின்னா இது மிஷினு." சரஸ்வதியம்மாள் பெஞ்சு முழுக்க ஒரு பார்வை பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவர்கூடத் தலையாட்டி வைத்தார், வேறு வழியில்லாமல்.

அடுத்த வரியை முருகேஸ்வரி வாய்விட்டுப் படிக்கவில்லை. மனசுக்குள் இரண்டு தடவை படித்தாள்.

ஹெப்படைட்டிஸ் சி: உண்டு.

"ஏன் நின்னுபோச்சு? படி! இன்னும் சத்தமா."

முருகேஸ்வரி காகிதத்தை நாலாக மடித்தாள். நாத்தனார் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

"மதினி, எங்க கல்யாணத்துக்கு முன்னால இவரு வாளையாறுல லாரியில அடிபட்டுக் கெடந்தப்போ, ரத்தம் குடுத்தது நீங்க ஒரே ஆளுதானே?"