வெண்டைச் செடிக்கு விபூதி

வீட்டு அறை ஒன்றில் துணிக் கூடாரம் கட்டி, அதற்குள் ஒரு வெண்டைச் செடி வளர்த்தார்கள். ஈரத்துக்கு ஆவி விடும் மிஷின் ஒன்று, காற்றுக்குச் சின்ன ஃபேன் ஒன்று.

இலை அசைந்தாலே மிஷின் ஃபேனிடம் கெஞ்சும்.

"தம்பி, பிள்ளை குளிரில் நடுங்குதுப்பா. கொஞ்சம் நில்லேன்."

"அது நடுக்கம் இல்லைக்கா, ஆட்டம். ஆடினால்தான் தண்டு உறுதியாகும்."

மிஷின் அழுதது. பார்க்கப் பொறுக்காமல் ஃபேன் நின்றுவிட்டது. மிஷின் இரண்டு நாள் விடாமல் ஆவி விட்டது.

மூன்றாம் நாள் இலையெல்லாம் வெள்ளைப் பொடி.

"பார்த்தியா தம்பி! சாமியே வந்து பிள்ளைக்கு விபூதி பூசியிருக்கு!"

ஃபேன் உற்றுப் பார்த்தது. "ஐயோ அக்கா, இது விபூதி இல்லை, சாம்பல் நோய். உங்க ஈரத்தில் வந்தது. இன்னும் பரவினால் செடி போயிடும்."

மிஷின் பதறியது. "இப்போ நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

அந்த வேலை மட்டும் அதற்குப் பழக்கமில்லை. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டது. ஃபேன் சுற்றியது, இலைகள் ஆடின.

"அம்மா, இப்போ தேவலை," என்றது செடி. "கேட்குதா அம்மா?"

மிஷினுக்குக் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஆவி வந்துவிடுமே என்று பேசாமல் இருந்தது.