நம்ம பங்கு

பூசை முடிந்தும் மழை விட்டபாடில்லை. மாதா கோயில் கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் காணிக்கைப் பெட்டியைப் பிடித்தபடி பங்குச் சாமியார் நிற்கிறார். வருமானமில்லாத கோயில்களைக் கொண்ட ஏழைப் பங்குகளுக்காகவும் அங்குள்ள சாமியார்களின் மாதப்படிக்காகவும் இன்று எல்லாக் கோயில்களிலும் தனிக் காணிக்கை எடுக்கச் சொல்லி ஆயர் எழுதிய கடிதத்தை, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல, சற்றுமுன் அவர்தான் வாசித்தார். அவருடைய மாதப்படியும் அதிலிருந்துதான் வருகிறது. குடைகள் விரிகின்றன, பெட்டிக்குள் காசுகள் விழுகின்றன, அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அவருடைய அங்கியைத் தேய்த்துக் கொடுக்கும் அம்மாள் வந்து நிற்கிறாள். சூடுபட்டுக் காய்த்த விரல்களால் பர்ஸைத் துழாவி இரண்டு நாணயங்களை எடுக்கிறாள். ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு, மற்றதைப் பஸ்ஸுக்கென்று உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். "பாவம், இந்த மழையில அந்த ஜனங்க என்ன பாடு படுறாங்களோ. எந்தப் பங்கு சாமி அது?" அவர் வாளியைப் பார்க்கிறார். "நம்ம பங்குதாம்மா." அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "வாஸ்தவந்தான் சாமி. நம்ம பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல," என்று மூடிய கையைத் திறந்து மற்றதையும் போட்டுவிடுகிறாள். அவர் சொன்னது இந்தக் கோயிலை; அதை விளக்காமல் பெட்டியைக் கை மாற்றிப் பிடிக்கிறார். வெளியே பஸ் வந்து நிற்கிறது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸைத் தாண்டி அவள் நடக்கிறாள்.