ஐந்து ஆட்டம் தடை

கோல்கீப்பருக்கு ஐந்து ஆட்டம் தடை. செய்த குற்றம், எதிரணி ஆளின் நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு. போன மாதம் இதே மாதிரி தள்ளிய வேறொரு அணிக்காரனுக்கு வெறும் எச்சரிக்கை. அதற்கு முந்தின மாதம் இன்னொருவனுக்கு ஒரே ஓர் ஆட்டம்.

“ஆளுக்கொரு தராசு வெச்சிருக்காங்கடா,” என்றாள் நர்ஸ். ரசிகர் மன்றச் செயலாளர் அவள்தான். லீக் அலுவலகப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, லாரி ஓட்டும் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மணி நாலரை. மறுபரிசீலனை மனு ஐந்து மணி வரைதான் வாங்குவார்கள். நாளைக்குத் தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். மாற்று கீப்பரோ, பந்து உயரமாக வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன்.

“உள்ள போய் எகிறிடாதக்கா. பேனா அதிகாரி கையிலதான் இருக்கு.”

“அப்ப கெஞ்சச் சொல்றியா?”

“கெஞ்ச வேணாம். நடுவுல மூச்சு விட்டுப் பேசு, போதும்.”

கூப்பிட்டார்கள். ஒழுங்குக் குழு அதிகாரி மனுவைக் கடைசி வரி வரை படித்தார். மணி நாலே முக்கால்.

“செயலாளர், நர்ஸ்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எந்த வார்டு?”

“அவசரப் பிரிவு. அது எதுக்கு சார்? ஒரே குற்றத்துக்கு மூணு தண்டனை. எங்க ஆள்னா மட்டும் அஞ்சா?”

“எச்சரிக்கையில இருந்து அஞ்சு ஆட்டம் வரைக்கும் கொடுக்கலாம்.”

“யாருக்கு எதுங்கறது உங்க இஷ்டமா?”

தம்பி அவள் முழங்கையை இடித்தான். அவள் போனை மேஜைமேல் வைத்து வீடியோவை ஓட்டினாள். பந்து வந்தது. இரண்டு தலைகள் மோதின. கீப்பர் விழுந்தார், எழுந்தார், தள்ளினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார்.

“முட்டினது அவன். இவர் பதிலுக்குத் தள்ளினார், அவ்வளவுதான். நாப்பது தடவ பாத்துட்டேன்.” நிறுத்தக் கையை நீட்டினாள்.

“நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.”

ஓடியது. கீப்பர் மெதுவாக நடந்தார். நடுக்கோட்டைத் தாண்டி, எதிரணியின் கோல்போஸ்ட்டில் போய் நின்றுகொண்டார். அவரிடம் தள்ளு வாங்கியவனே ஓடிவந்து, தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான்.

“இவரு ஏன் அங்க போறாரு?” என்றான் தம்பி.

நர்ஸ் போனைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பார்த்தாள். தலையில் அடிபட்டவர்களின் இந்த நடையை வாரத்துக்கு நாலு முறை பார்க்கிறவள்.

“கிளப் டாக்டர் மறுநாளே ‘ஆடத் தகுதி’ன்னு எழுதிட்டார்,” என்றார் அதிகாரி. “காயம்னு மூணு ஆட்டம் உட்கார்ந்தா கிளப் ஒப்பந்தத்த முறிச்சிடலாமாம். அதனால கீப்பரும் வாயைத் திறக்கல.”

மணி ஐந்துக்கு நாலு நிமிடம். அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஊரே உங்களத் திட்டுதே சார். இதை அறிக்கையிலயே எழுதியிருக்கலாமே?”

“தலையில அடின்னு எழுதினா கீப்பர் வேலை போயிடும் சிஸ்டர். தள்ளினார்னு எழுதினா வேலையும் நிக்கும், அஞ்சு வாரம் ஓய்வும் கிடைக்கும்.”