கடல் இறங்கிப்போன பாறை

மிசாவோ கையில் வாளியோடு கடலின் அடித்தரையில் நடந்துபோனாள்.

உடம்பு நனையாமல் அங்கே நடப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கல்யாணமாகி வந்த நாள் முதல் மூச்சை அடக்கி மூழ்கிப் பார்த்த தரை அது. புத்தாண்டு நாளின் நிலநடுக்கத்தில் ஒரே உந்தலில் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்டது. கடல் எங்கோ தள்ளிப்போய்விட்டது. துறைமுகத்துப் படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடந்தன. பாறைகளில் பாசி வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஊரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. முந்தின நாள் அளவுகோலோடு அங்கே வந்த ஆய்வாளர், இந்த நோதோ தீபகற்பம் முழுவதும் இப்படி எழும்பி எழும்பி உண்டானதுதான் என்றார். மலைச்சரிவில் படிபடியாக இருக்கும் வயல்கள்கூட ஒரு காலத்தில் கடல் தரையாம். பழைய நடுக்கங்கள் பாறைகளைப் பிளந்தும் போட்டிருக்கின்றனவாம்.

வீட்டை இழந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

மிசாவோவின் கவலை வேறு. அவளுடைய பொந்து.

பெரிய பாறையின் அடியில் ஒரு வெடிப்பு. அதற்குள் நல்ல விலைபோகும் அவாபிச் சிப்பிகள் பாறையோடு ஒட்டிக்கிடக்கும். மூழ்கிச் சிப்பி எடுக்கிற பெண்கள் தங்கள் இடத்தைக் கட்டிய கணவனிடமும் சொல்லமாட்டார்கள். தொழிலை விடுகிற வருடம் மகளிடம் மட்டும் சொல்வார்கள். மிசாவோவுக்குப் பிறந்ததெல்லாம் மகன்கள்.

யாருக்குத் தெரிந்தாலும் தொகியேவுக்குத் தெரியக்கூடாது. தொகியே அவளுடைய ஓரகத்தி. கணவனின் தம்பி பெண்டாட்டி. மூழ்கி எழுந்ததும் கரையோரம் ஒரே குடிசையில், ஒரே நெருப்பில் குளிர்காய்வார்கள், ஒருத்தி கூடையை ஒருத்தி ஓரக்கண்ணால் எடைபோட்டபடி. மிசாவோவின் கூடை நிறைந்த வருடம் தொகியேவின் கூடை இளைத்திருக்கும். மறு வருடம் தலைகீழ். தன் வயிற்றெரிச்சல் பலிக்கிறது என்று மிசாவோ நம்பினாள்.

ஒரே ஒரு கோடையில் அவளே பயந்து மேலே வந்துவிட்டாள். தோள் வரை கையை விட்டுத் துழாவியபோது, பொந்தின் உள்ளிருட்டில் ஏதோ ஒன்று அவள் விரல்களைப் பற்றி உடனே விட்டுவிட்டது. பேயோ கணவாயோ, அவள் நின்று பார்க்கவில்லை. குடிசையில் மூச்சுவிடவும் இல்லை. எப்போதும் சீண்டுகிற தொகியேகூட அன்று தலைவலி என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தப்பித்தோம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு முழங்கைக்கு மேல் அவள் கையை விட்டதே இல்லை.

இப்போது பொந்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். சிப்பி எடுக்கும் பருவம் திறக்காமல் அதைத் தொடுவது இந்த ஊரில் திருட்டு. ஆனால் இத்தனை காலம் சோறு போட்டதைக் காயவிட்டுக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எடுத்துப் போய்ப் புதுக் கரையின் தண்ணீரில் விட்டுவிடுவது என்று கிளம்பியிருந்தாள்.

பாறையை நெருங்கியபோது தொகியே நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலும் வாளி.

"என்னடி, காலங்காத்தால வாளியும் கையுமா? பருவம் திறந்தாச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"உங்க வாளியில என்ன அக்கா, கோயிலுக்குப் பூவா?" என்றாள் தொகியே. பிறகு குரல் இறங்கியது. "பயப்படாதீங்க. என் இடம் பாறைக்கு அந்தப் பக்கம். உங்க பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்."

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். இவள் சொல்லை எவள் நம்புவாள் என்று நினைத்தபடி மிசாவோ குப்புறப் படுத்தாள்.

தண்ணீர் இல்லாமல் பார்க்க வெடிப்பின் வாய் அற்பமாக இருந்தது. உள்ளே தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் சிப்பிகள் உயிரோடு இருந்தன. தட்டையான இரும்பால் நெம்பி ஒவ்வொன்றாக வாளியில் போட்டாள்.

இன்னும் உள்ளே ஒன்று மெல்ல உராய்வது கேட்டது. முழங்கை எட்டும் தூரத்துக்கு அப்பால்.

கடலே போய்விட்டது, இனி என்ன இருக்கப்போகிறது? கண்ணை மூடிக்கொண்டு தோள் வரை விட்டாள். ஓடு தட்டுப்பட்டது. சோற்றுக் கிண்ணத்தைவிட அகலம். அவளுக்கு அப்படி ஒன்று வாழ்நாளில் அகப்பட்டதில்லை. அதன் மறு விளிம்பைத் தேடி விரலை நீட்டினாள்.

சில்லென்று ஒன்று அந்த விரல்களைப் பற்றியது.

மிசாவோ அலறினாள். அதே நொடியில் பாறைக்கு அந்தப் பக்கம் தொகியேவும் அலறினாள்.

விரல்கள் விலகவில்லை. மிசாவோ தடவிப் பார்த்தாள். மடங்காத நடுவிரல். நெருப்போரம் தினமும் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுகிற விரல்.

"அக்கா..." பாறைக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "அன்னிக்கு எனக்குத் தலைவலி இல்ல."

மிசாவோவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தெரியுது. கையை எடுத்துடாத. உன் பக்கம் நெம்பு."

இரண்டு பக்கமும் நெம்பிய பிறகுதான் அந்தக் கிழட்டுச் சிப்பி பிடியை விட்டது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டு, அதை இருவருமாகப் பிடித்துக்கொண்டு தூரத்துத் தண்ணீரை நோக்கி நடந்தார்கள்.

"இந்த இடத்தை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அக்கா."

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றாள் மிசாவோ.

அவர்களுக்குப் பின்னால் பாறை, ஊர் முழுக்கத் தெரிய, வெயிலில் நின்றுகொண்டிருந்தது.