மானம்பூ வாழை

"அடியோட வெட்டுங்கோ அண்ணை. நாளைக்கு விஜயதசமி மானம்பூவில, கோயில்ல சாமி வெட்ட அசுரனாய் நிக்கப்போற வாழை" என்று பாலேஸ்வரி கத்தியை நீட்டினாள்.

நாகேந்திரம் சாரத்தை மடித்துக் கட்டினார். அடுத்த வீட்டுக்காரர். மனுசன் அவளுக்காக என்னதான் செய்யவில்லை? அவளுடைய ஒரே மகன் சிவபாலனைப் போன வருஷம் பொலிஸ்காரர் வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போனதிலிருந்து பொலிஸ், சிறைச்சாலை, புதுக்கடைக் கோர்ட்டு லோயர் என்று கூடவே அலைகிறவர். வெள்ளவத்தையில் இப்படி ஓர் அயல் கிடைப்பது லேசா?

"நல்ல வாளிப்பாய் வளந்திருக்கு, தங்கச்சி."

"மகனைப் பிடிச்ச கிழமை நட்டனான். பேர் சொல்லிச் சொல்லித்தான் தண்ணி ஊத்துறனான்."

"சிவபாலன்ர பேரோ?"

"தோக்கிற மரத்துக்கு என்ர பிள்ளையின்ர பேரோ? அவனைக் காட்டிக் குடுத்தவன்ர பேர்."

நாகேந்திரம் நிமிர்ந்தார். "ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது. அதுதான் நெஞ்சு கிடந்து எரியுது. இந்த ஒழுங்கைக்குள்ள இருக்கிற ஒருத்தன்தான் எண்டு மட்டும் பொலிஸில ஒருத்தர் வாய்தவறிச் சொன்னவர். 'காட்டிக் குடுத்தவனே, குடி' எண்டு சொல்லி ஊத்துவன். நாளைக்குச் சாமியின்ர வாள் விழேக்க, மரத்தோட அவன்ர உயிரும் போகும்."

கடற்காற்று நின்றுபோயிருந்தது. மதிலோரத்து முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. வாழையின் குருத்து மட்டும் மெல்ல ஆடியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள், பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

நாகேந்திரம் பிடரியைத் தடவிக்கொண்டார்.

"இது விசர்க் கதை, தங்கச்சி. பாவமும்கூட. இதை விடு. நான் கொட்டாஞ்சேனையில சொல்லி வேற வாழை எடுப்பிச்சுத் தாறன்." கத்தியை உடுப்புத் தோய்க்கிற கல்லில் வைத்தார்.

பாலேஸ்வரி அவரையே பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கோயிலுக்கு வாழை நேற்றே வந்திட்டுது, அண்ணை. காலமையிலயிருந்து ஒழுங்கையில இருக்கிற ஆம்பிளையள் எல்லாரையும் ஒவ்வொருத்தராய்க் கூப்பிட்டு, இதே கதையைச் சொல்லி, இதே கத்தியைக் குடுத்தனான். 'அந்த நாய் செத்துத் துலையட்டும்' எண்டு வெட்டப்போனவையை நான்தான் மறிச்சனான். வெட்டமாட்டன் எண்டு சொன்னது நீங்கள் ஒருத்தர்தான்."